ஐந்து வயதுப் பையன் அடிக்கடி விழுகிறான், பந்து பிடிக்க வரவில்லை. வீட்டிலேயே விளையாட்டாக எப்படிப் பழக்கலாம்?

"பிள்ளையை வெளியிலேயே விடுறதில்லையா?" என்று உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். என்னிடம் நிறையப் பேர் கேட்டார்கள். அந்தக் கடுப்பில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான் டாக்டரும் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை. கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகளுக்கு ஐந்தரை வயதாகியும் சட்டைப் பட்டன் போட வராது. நாலு வரி எழுதினால் கை வலிக்கிறது என்று மேசையிலேயே தலையைச் சாய்த்துவிடுவாள். பள்ளியில் சொன்ன வைத்தியம், தினமும் கூடுதலாக இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள் என்பது. நானும் எழுத வைத்தேன். நோட்டுப் பூராவும் கண்ணீர்க் கறை. கடைசியில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான் (பட்டன் போடுவது, எழுதுவது மாதிரி அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவர்), "விரலை விடுங்க, தோளையும் வயித்தையும் பாருங்க" என்றார். உடம்பு நிலையாக நின்றால்தான் விரல் ஒழுங்காக வேலை செய்யுமாம்.

அவர் சொன்னதில் முதல் விளையாட்டு கைவண்டி. கால்களை நாம் தூக்கிப் பிடிக்க, குழந்தை கையால் நடக்க வேண்டும். முதல் நாள் நான் கணுக்காலைப் பிடித்தேன். மூன்றாவது எட்டிலேயே வயிறு தொங்கி, முழங்கை மடங்கி, தாடை தரையில் போய் இடித்தது. ஒரு வாரத்துக்கு அந்தப் பேரை எடுத்தாலே ஓடினாள். தப்பு என்னுடையது. பலம் இல்லாத குழந்தையைத் தொடையில் பிடிக்க வேண்டும். பலம் ஏற ஏறத்தான் முழங்கால், அப்புறம் கணுக்கால். தொடைக்கு மாறியதும் பாதி ஹாலைத் தாண்டினாள். ஹாலின் அந்தக் கோடியில் ஜிக்சா பலகையை வைத்து, ஒவ்வொரு நடைக்கும் ஒரு துண்டு என்று ஆக்கினேன். 'பயிற்சி' என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். எடுத்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

பந்தைக் கொஞ்ச நாள் பரண்மேல் போடுங்கள். பலூன் மெதுவாக இறங்கும், கண் பார்த்துக் கை போய்ச் சேர நேரம் கிடைக்கும். கீழே விழாமல் தட்டப் பழகியதும் சுருட்டிய சாக்ஸ் உருண்டை, அப்புறம் பெரிய மெத்துப் பந்து. கரடி நடை (கையையும் காலையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி நடப்பது), நண்டு நடை (வயிறு மேலே பார்க்க, கையையும் காலையும் ஊன்றி நடப்பது) எல்லாம் இடையிடையே. ஆனால் முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, ஒரு பக்கத்துக் கைகால் மட்டும் தளர்ந்து தெரிந்தாலோ, விளையாட்டெல்லாம் அப்புறம். முதலில் டாக்டரிடம் போங்கள்.

5 முதல் 17 வயது வரை நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசையும் எலும்பும் வலுவாகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு என் கணவர் செல்போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். காலைத் தூக்கிப் பிடித்து இடுப்பு ஒடிந்தது யாருக்கு? நாங்கள் ஐந்தைந்து நிமிடமாகத்தான் செய்தோம். துணி காயப்போடும்போது கிளிப் மாட்டும் வேலையை அவளிடம் கொடுத்தேன். விரலுக்கு அதைவிட நல்லது வேறில்லை. துணி காயப்போடுவது பத்து வருடமாக என் தலையில்தான். மகள் கிளிப் மாட்டியதும் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட மட்டும் இவர் வந்துவிட்டார். சரி, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

ஏழெட்டு மாதத்தில் பட்டன் வந்துவிட்டது. கழுத்துப் பட்டன் மட்டும் இன்னும் நான்தான். கண்ணாடி முன்னால் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, தினமும் ஒரு தடவை முயற்சி செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறாள்.