பொண்ணு ஆன்லைன்ல இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கப் போறாளாம், என்னென்ன வாங்கித் தரணும்?

வணக்கம் சார். உங்க பொண்ணு எழுதிக் குடுத்த லிஸ்ட்டை முழுசா படிச்சேன். புது லேப்டாப், 4கே கேமரா, ஸ்டாண்டோட பெரிய மைக், ரிங் லைட், பின்னாடி தொங்கவிட பச்சை ஸ்கிரீன், ஜூம் வருஷ சந்தா, ஸ்லைடு டிசைன் பண்ற கேன்வா ப்ரோ, அது போக வேற மொழிக்காரங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறதுக்கான ஒரு டெஃப்ல் சர்டிஃபிகேட் கோர்ஸ், எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தாண்டுது, "இதெல்லாம் இல்லாம ஆரம்பிக்கவே முடியாதுங்கறா, வாங்கிக் குடுக்கவா, இல்ல பேசாம பி.எட். சேருன்னு சொல்லவா"ன்னு கேட்டிருக்கீங்க. எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்ச பொண்ணு, வீட்ல இருந்தே சம்பாதிக்கணும்னு நினைக்கறதுல தப்பே இல்ல. ஆனா அந்த லிஸ்ட்ல முக்கால்வாசியை இப்போ அடிச்சிடலாம். அதுல இல்லாத ரெண்டு மூணு விஷயம் இருக்கு, அதைத்தான் மொதல்ல வாங்கணும். மிச்சத்தை ஸ்டூடண்ட் குடுக்கற ஃபீஸ்ல இருந்து அவளே வாங்கிக்கட்டும், அப்போதான் எது உண்மையிலேயே தேவைன்னு அவளுக்கும் தெரியும்.

மொதல்ல ஹெட்செட். ஆயிரம் ரூபா பக்கத்துல கிடைக்கற, வாய்கிட்ட மைக் வர்ற வயர் ஹெட்செட் ஒன்னு போதும். காதுல மாட்டற ப்ளூடூத் பட்ஸ் வேணாம். பாட்டு கேக்கறப்போ அது சூப்பரா இருக்கும், ஆனா மைக்கையும் சேர்த்து ஆன் பண்ணினா ப்ளூடூத் வேற மோடுக்குப் போயிடும், ரெண்டு பக்க சத்தமும் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆயிடும். வேற சப்ஜெக்ட்னா பரவால்ல, இங்கிலீஷ் கிளாஸ்ல ஸ்டூடண்ட் சொன்னது 'பி'யா 'எஃப்'ஆன்னு டீச்சர் காதுல சரியா விழலைன்னா அப்புறம் எதைத் திருத்தறது? மொகம் கொஞ்சம் மங்கலா தெரிஞ்சா ஒருத்தரும் கிளாஸை விட்டுப் போகமாட்டாங்க, சத்தம் விட்டு விட்டு வந்தா ரெண்டாவது கிளாஸுக்கு வரமாட்டாங்க. கேமராவுக்கு லேப்டாப்ல இருக்கறதே போதும், ஜன்னலைப் பாத்து உக்காந்தா ரிங் லைட்டும் மிச்சம்.

ரெண்டாவது கரண்டு. மாசாந்திர பராமரிப்புன்னு ஈபி காரங்க காலைல 9 மணிக்கு நிறுத்தினா சாயங்காலம் வரைக்கும் வராதுன்னு உங்களுக்குத் தெரியாததா, முந்தின நாளே பேப்பர்ல ஏரியா பேரோட போட்டுடுவாங்க, அதைப் பாத்து கிளாஸை மாத்தற பழக்கம் வரணும். சொல்லாம போற கரண்டுக்கு வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா ரவுட்டரை அந்த லைன்ல மாத்திடுங்க, எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. இன்வெர்ட்டர் இல்லன்னா ரவுட்டருக்குன்னே சின்னதா ஒரு மினி யுபிஎஸ் விக்கறாங்க, ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரத்துக்குள்ள கிடைக்கும், வாங்கறதுக்கு முன்னாடி அடாப்டர்ல எத்தனை வோல்ட்னு போட்டிருக்குன்னு பாத்துக்கோங்க, அனேகமா 12 இருக்கும். ஃபைபர் பாக்ஸ் தனி, ரவுட்டர் தனின்னு இருந்தா ரெண்டுக்கும் சப்ளை வேணும், இதை மறந்துட்டு வாங்கிட்டு வந்து திட்டறவங்க நெறைய பேரு. நெட்டு ஸ்பீடு ஏதோ 100, 200னு விளம்பரத்துல பாத்து மயங்க வேணாம், வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் விட்டு விட்டு வராம நிலையா வந்தாலே தாராளம், அப்லோடு எவ்ளோன்னு மட்டும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

லேப்டாப்பை இப்போ மாத்த வேணாம், காலேஜ்ல வாங்கினது 8 ஜிபி ராம் இருந்தா நல்லா ஓடும், 4 ஜிபின்னா ராம் மட்டும் ஏத்த முடியுமான்னு கடையில கேளுங்க.

இப்போ சாஃப்ட்வேர். ஜூம் சந்தா எதுக்கு? ஃப்ரீ ஜூம் 40 நிமிஷத்துல கட் ஆகும், அது உண்மைதான், ஆனா கூகுள் மீட்ல ஃப்ரீ அக்கவுண்ட்லயே ரெண்டு பேரு மட்டும்னா நாள் பூரா பேசலாம், மூணு பேரோ அதுக்கு மேலயோன்னா ஒரு மணி நேரம். ஒத்தைக்கு ஒத்தை கிளாஸுக்கு மீட், ரெக்கார்ட் பண்ணணும்னா ஜூம், ஏன்னா ஃப்ரீ ஜூம்ல கம்ப்யூட்டர்லயே ரெக்கார்ட் பண்ணிக்கலாம், ஃப்ரீ மீட்ல முடியாது. ரெக்கார்ட் பண்றதா இருந்தா கேட்டுட்டுப் பண்ணணும், சின்னப் பசங்கன்னா அப்பா அம்மாகிட்ட. யூடியூப்ல பழைய வீடியோ பாத்துட்டு எழுதிக் காட்டற கூகுள் ஜாம்போர்டுன்னு சொன்னாள்னா அது 2024 டிசம்பரோட மூடியாச்சு, போர்டு வேணும்னா எக்ஸ்கேலிட்ரா ஃப்ரீ, லாகினே வேணாம். கேன்வாவும் ஃப்ரீயே போதும்.

ஆனா என்னைக் கேட்டா இந்த வேலையோட நெஜமான கருவி கூகுள் டாக் தான். ஒரு ஸ்டூடண்டுக்கு ஒரு டாக், ரெண்டு பேரும் தொறந்து பாக்கற மாதிரி ஷேர் பண்ணது. எப்படின்னா, ஸ்டூடண்ட் பேசறாரு, "ஐ யம் ஹேவிங் டூ பிரதர்ஸ், எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்"னு போகுது. உடனே குறுக்க விழுந்து திருத்தினா அந்த ஆளு அதோட வாயை மூடிக்குவாரு. அதனால டீச்சர் பேசவிட்டுட்டு, அவரு சொன்னதை அப்படியே அன்னைக்கு தேதிக்குக் கீழ டைப் பண்ணிட்டே வரணும். கடைசி பத்து நிமிஷம் அந்த அஞ்சாறு வரியைக் காட்டி "இதுல எதை மாத்தலாம், நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டா, பாதிக்கு மேல அவரே திருத்திடுவாரு. மிச்சத்துக்கு மட்டும் விளக்கம், அதுக்குக் கீழ ஹோம்வொர்க். ரெண்டு மாசம் கழிச்சு மேல ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தா தான் எங்க இருந்து எங்க வந்திருக்கோம்னு ஸ்டூடண்டுக்கே தெரியும், அடுத்த மாச ஃபீஸைக் கேக்காமலே போட்டுவிடுவாரு. இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

பாடத்துக்கு மெட்டீரியல் தேடி அலைய வேணாம். பிரிட்டிஷ் கவுன்சிலோட லேர்ன்இங்கிலீஷ் சைட்ல லெவல் வாரியா இருக்கு, டீச்சருக்குன்னே டீச்சிங்இங்கிலீஷ்னு தனியா லெசன் பிளானோட இன்னொரு சைட். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ்ல சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் ஆடியோ, எழுத்து வடிவத்தோட. ஒரு வார்த்தையை நெஜ மனுஷங்க எப்படி உச்சரிக்கறாங்கன்னு வீடியோவோட காட்ட யூக்ளிஷ். லிங்க் அனுப்பறது வேற, டவுன்லோடு பண்ணி தன் பேரைப் போட்டு விக்கறது வேற, டெலிகிராம்ல சுத்தற திருட்டு பிடிஎஃப் புக்கை ஸ்டூடண்டுக்கு ஃபார்வர்ட் பண்றதும் வேணாம். சாட்ஜிபிடில பயிற்சித் தாள் போடலாம், "ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல நடக்கற பத்து உரையாடல் குடு"ன்னா நிமிஷத்துல குடுத்துடும், ஆனா விடையை ஒன்னு விடாம படிச்சுட்டுத் தான் அனுப்பணும், சில சமயம் ரெண்டு விடை பொருந்தற கேள்வியைக் கேட்டு வெச்சிருக்கும்.

அடுத்தது யாருக்கு நடத்தப் போறான்னு. லிஸ்ட்ல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல, எனக்கு அதான் கவலை. டீச்சரையும் ஸ்டூடண்டையும் சேத்து வைக்கற பிரெப்ளி, ஐடாக்கி மாதிரி சைட்ல சேரலாம், சர்டிஃபிகேட் இல்லாம கூட பிரெப்ளில சேர விடுவாங்க, ஆனா அங்க கணக்கு என்னன்னா புது ஸ்டூடண்டோட மொத ட்ரையல் கிளாஸ் காசு முழுசா அவங்களுக்கு, அடுத்த கிளாஸ்ல இருந்து 33 சதவீதம் கமிஷன், மணி நேரம் கூடக் கூட அது 18 வரைக்கும் குறையும். 10 டாலர் கிளாஸ்னா ஆரம்பத்துல கைக்கு வர்றது 6 டாலர் 70 சென்ட். ஐடாக்கில கமிஷன் கம்மி, 15 சதவீதம். ரெண்டுலயும் பிறப்பிலேயே இங்கிலீஷ் பேசறவங்களோட போட்டி போடணும், அதனால மாசக்கணக்குல காத்திருக்கத் தயாரா இருந்தா ஒரு புரொஃபைல் போட்டு வைக்கட்டும்.

அவளுக்கு நெஜமான பலம் தமிழ். "தமிழ்ல கேள்வி கேக்கலாம்"ங்கற ஒரு வரிக்காகவே வர்றவங்க இருக்காங்க: கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பயப்படற இன்ஜினியரிங் பசங்க, பசங்க ஸ்கூல் மீட்டிங்ல பேசணும்னு நினைக்கற அம்மாக்கள், கல்ஃப்ல சூப்பர்வைசர் ஆகணும்னு பாக்கற நம்மூரு ஆளுங்க. துபாய் நம்மளை விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சவுதி, கத்தார், குவைத்னா ரெண்டரை மணி. சவுதில ராத்திரி 9ன்னா இங்க பதினொன்றரை, அது சரிப்படாது, ஆனா அங்க வெள்ளிக்கிழமை லீவு, அவங்க காலை 9 மணி நமக்கு 11.30, அந்த ஸ்லாட்டைப் புடிக்கலாம் (அன்னைக்கு ஈபி ஷட்டவுன் இல்லன்னு பாத்துக்கிட்டு).

நர்ஸுங்களும் வருவாங்க, வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதற ஓஇடிங்கற இங்கிலீஷ் பரீட்சைக்குச் சொல்லிக் குடுங்கன்னு கேப்பாங்க. ஆரம்பத்துலயே அதை எடுக்க வேணாம்னு சொல்லுங்க. யூகே போக லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணுலயும் பி கிரேடு, ரைட்டிங்ல சி பிளஸ் வேணும், ரைட்டிங்னா நோயாளியோட கேஸ் நோட்ஸைப் படிச்சுட்டு 45 நிமிஷத்துல 180, 200 வார்த்தைல ஒரு ரெஃபரல் லெட்டர் மாதிரி எழுதறது. அதை இலக்கணம் தெரிஞ்சா மட்டும் சொல்லித் தர முடியாது, அவங்க பரீட்சைக்கு ஆயிரக்கணக்குல கட்டிட்டு வர்றவங்க. ஒரு வருஷம் கழிச்சு தனியா படிச்சுட்டு எடுக்கட்டும்.

காசு விஷயம். உள்ளூர் ஸ்டூடண்டுக்கு ஜிபே, ஃபோன்பே போதும். பேபால்ல இந்தியாக்குள்ள அனுப்பறது 2021 ஏப்ரல்லயே நின்னு போச்சு, வெளிநாட்டுல இருந்து வர்றதுக்கு மட்டும் தான். கல்ஃப் ஆளுங்க பாதிப் பேரு ஊர்ல இருக்கற மனைவியையோ அண்ணனையோ ஜிபே பண்ணச் சொல்லிடுவாங்க. எட்டு கிளாஸுக்கு முன்பணம், கிளாஸுக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லாம விட்டா அந்த கிளாஸ் கணக்குல போயிடும், இந்த ரெண்டு ரூலையும் மொத மெசேஜ்லயே அனுப்பிடணும், பழகினதுக்கு அப்புறம் சொன்னா சங்கடமாயிடும். ஒரு கூகுள் ஷீட்ல தேதி, பேரு, எத்தனை கிளாஸ் பாக்கின்னு எழுதி வரட்டும், வருமான வரி ரிட்டர்ன் போடறப்போ அதே ஷீட் உதவும். ஜிஎஸ்டி பத்தி யாராவது பயமுறுத்தினா வருஷம் 20 லட்சம் தாண்டினா பாத்துக்கலாம்னு சொல்லுங்க.

நம்பர் விஷயத்துல மட்டும் நீங்களும் கவனமா இருங்க. கிளாஸுக்குன்னு தனி சிம், அதுல வாட்ஸ்அப் பிசினஸ், வீட்டு நம்பர் யாருக்கும் போகக்கூடாது. ராத்திரி பத்துக்கு மேல தானா பதில் போற மாதிரி அதுலயே செட் பண்ணலாம். கிளாஸ் பேச்சை விட்டு வேற பேச்சு பேசறவனை மிச்சக் காசைத் திருப்பிக் குடுத்துட்டு ப்ளாக் பண்ணிடலாம், அதுல யோசிக்கவே வேணாம். அதே மாதிரி "ஆன்லைன் டீச்சர் வேலை, ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும் கட்டுங்க"ன்னு வர்ற மெசேஜ் எதுக்கும் பத்து ரூபா கூட அனுப்பக்கூடாது.

டெஃப்ல் கோர்ஸைப் பொறுத்தவரைக்கும், டெஃப்ல்ங்கறது ஒரு யுனிவர்சிட்டி நடத்தற ஒரே பரீட்சை இல்ல, யாரு வேணா 120 மணி நேரம்னு போட்டு விக்கலாம். கேம்பிரிட்ஜோட செல்டாங்கற டீச்சர் சர்டிஃபிகேட்னா மரியாதை இருக்கு, அதுல ஆறு மணி நேரம் நெஜ ஸ்டூடண்டுக்கு முன்னாடி நடத்திக் காட்டணும், ஆனா செலவு பெருசு. இப்போ ரெண்டும் வேணாம். ஒரு வருஷம் நடத்தின பிறகும் இதே ஆசை இருந்தா செல்டாவுக்குச் சேத்து வைக்கட்டும்.

பி.எட். கேட்டீங்களே, ரெண்டும் ஒன்னுக்கொன்னு எதிரி இல்ல சார். பி.எட். ரெண்டு வருஷம், கவர்மெண்ட் ஸ்கூல் பிஜி டீச்சர் வேலைக்கான பிஜி டிஆர்பி எழுதணும்னா அது இருந்தே ஆகணும், காலேஜ்ல வேலைக்குப் போகணும்னா நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. பகல்ல அது, சாயங்காலம் 7ல இருந்து 9 வரைக்கும் ரெண்டு கிளாஸ். இப்போதைக்கு ஹெட்செட்டும் ரவுட்டர் யுபிஎஸ்ஸும் வாங்கிக் குடுங்க, சொந்தக்காரங்க வீட்டுப் பையனோ பக்கத்து வீட்டு அக்காவோ மூணு பேருக்கு ரெண்டு வாரம் சும்மா நடத்தட்டும், நாலாவது ஆளுகிட்ட ஃபீஸ் கேக்கச் சொல்லுங்க, மணிக்கு 250, 300ல ஆரம்பிச்சா போதும். பி.எட். அப்ளிகேஷன் வந்ததும் அதையும் போட்டுடுங்க.