ஒன்பது மாதப் பிள்ளைக்குக் கஞ்சி போதுமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது மாதம். கிளினிக்கில் நிறுத்தபோது 7.4 கிலோ, போன மாதத்தைவிட 200 கிராம்தான் கூட. தாய்ப்பால் குடிக்கிறாள். அரைத்த சோற்றுக் கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். தேத்தண்ணீரில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கச் சொல்கிறார் மாமி. பால்மா வாங்கட்டுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, இந்த வயதில் பெண் பிள்ளையின் நடுத்தர நிறை 8.2 கிலோ. உங்கள் மகள் அதற்குக் கீழே இருந்தாலும் இயல்பான வரம்புக்குள்தான் இருக்கிறாள். முதல் மூன்று மாதங்களில் ஏறிய வேகத்தில் இப்போது எந்தப் பிள்ளைக்கும் நிறை ஏறாது.

என் கவலையெல்லாம் அந்தக் கஞ்சிதான். குடும்பநல மாதுவாகக் கொழும்பில் வீடு வீடாக ஏறி இறங்கிய காலம் முழுவதும் இதையே கண்டேன்: சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பிவிடும், சத்து சேராது. பிளெண்டரை எடுத்து வையுங்கள். குழைந்த சோற்றையும் பருப்பையும் கரண்டியால் மசியுங்கள்; கரண்டியைச் சரித்தாலும் வழியக் கூடாது. அதோடு முள்ளெடுத்த சூடை மீன், கோழி ஈரல், நன்றாக அவித்த முட்டை, இவற்றில் ஏதாவதொன்று. மேலே ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதமளவில் தீர்ந்துவிடும். இப்போது நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் தேவை; தாய்ப்பாலில் இருப்பது மிகச் சொற்பம். அதனால் மீனையும் ஈரலையும் தள்ளிப்போடாதீர்கள்.

தேத்தண்ணீர் வேண்டவே வேண்டாம். உணவிலுள்ள இரும்பை அது உடலில் சேரவிடாது. மாமியைக் கோபிக்காதீர்கள்; பழுத்த பப்பாசியை அவர் கையாலேயே ஊட்டட்டும், அதிலுள்ள விட்டமின் சி இரும்பைச் சேர்க்கும். ஒரு வயதுவரை தேன் கூடாது. உப்பும் சீனியும் அப்படியே.

தாய்ப்பால் இருக்கும்போது பால்மாவுக்குக் காசு எதற்கு? அந்தக் காசில் மீன் வாங்குங்கள்.

நாளுக்கு மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் அரைக் கோப்பை. முகத்தைத் திருப்பினால் திணிக்காதீர்கள், சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். அவித்த கரட்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் கையில் கொடுத்துப் பாருங்கள். தானாகக் கடிக்க ஆசைப்படும் வயது இது. பக்கத்திலேயே இருங்கள்.

ஒன்பதாம் மாத எம்.எம்.ஆர். ஊசி (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி) போட்டு ஒரு வாரமளவில் லேசாகக் காய்ச்சல் வந்து சாப்பாடு குறையலாம், பயப்படாதீர்கள். ஆனால் அடுத்த முறை நிறுக்கும்போது கிளினிக் கொப்பியிலுள்ள நிறைக் கோடு ஏறாமல் படுத்திருந்தால், மறு மாதம்வரை காத்திராமல் அன்றே கிளினிக் டாக்டரிடம் காட்டுங்கள்.