தாய்மாமன் சொன்ன பல்கலைக்கழகமும் இரண்டேகால் லட்சம் டாலர் கடனும்

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் அருகே வசிக்கிறோம். எனக்கு வயது 48, கணவருக்கு 51. மகள் 12-ஆம் வகுப்பிலும் மகன் 8-ஆம் வகுப்பிலும் படிக்கிறார்கள். மருத்துவராக வேண்டும் என்பது மகளின் சிறு வயது ஆசை. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆண்டுக்கு 32,000 டாலர் செலவில் இடம் கிடைத்திருக்கிறது. கிழக்குக் கரையில் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றிலும் இடம் வந்திருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 88,000 டாலர் ஆகும். என் அண்ணன் மகன் படித்த இடம் அது. "அங்கே சேர்த்து உயிரியல் எடுக்கச் சொல், பணத்தைப் பார்க்காதே" என்கிறார் அண்ணன். மகளுக்குப் புள்ளியியலில்தான் நாட்டம். கல்விக்காகச் சேர்க்கும் 529 கணக்கில் 70,000 டாலர் இருக்கிறது. மாதம் 2,100 டாலர் மிஞ்சுகிறது. அதில் 900 டாலர், அண்ணன் மூலம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஐ.யு.எல். (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) பாலிசிக்குப் போகிறது. குறைவதை வீட்டின் மேல் கடன் வாங்கிச் சமாளிக்கலாம், மருத்துவரானதும் மகளே அடைத்துவிடுவாள் என்று நினைக்கிறோம். எந்தப் பாடத்தை எடுக்கச் சொல்லலாம்?

பதில்: பாடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், கடிதத்தில் உள்ளவற்றில் அதுதான் எளிய கேள்வி. என்னைக் கவலைப்பட வைத்தது, "வீட்டின் மேல் கடன் வாங்கிச் சமாளிக்கலாம்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி.

தனியார் பல்கலைக்கழகத்துக்கு நான்கு ஆண்டுகளில் 3 லட்சத்து 52 ஆயிரம் டாலர் ஆகும். 529 கணக்கின் 70,000 டாலரையும், பாலிசி போக மிஞ்சும் 1,200 டாலரை 48 மாதங்கள் சேர்த்தால் வரும் சுமார் 58,000 டாலரையும் கழித்தால், 2 லட்சத்து 24 ஆயிரம் துண்டு விழுகிறது. 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோருக்கு, பேரன்ட் பிளஸ் என்ற அரசுக் கல்விக் கடன் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்ற வரம்புக்குள்தான் கிடைக்கும். ஆகவே மீதி 1 லட்சத்து 59 ஆயிரமும் உங்கள் வீட்டின் மேல்தான் ஏறும்; கல்விச் செலவுக்காக வாங்கும் வீட்டுக் கடனின் வட்டிக்கு வரிக்கழிவும் கிடையாது. இரண்டு கடன்களுக்கும் சராசரியாக 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டு பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 2,775 டாலர். வாங்கும் நான்கு ஆண்டுகளில் ஓடும் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. பாலிசியை நிறுத்தினாலும் உங்களுக்கு மிஞ்சுவது 2,100 டாலர்தான்.

மகள் அடைத்துவிடுவாள் என்ற எண்ணத்தையும் நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள். இந்த நாட்டில் முதலில் ஒரு பட்டம், அதன் பிறகே மருத்துவக் கல்லூரி. பட்டம் முடியும்போது அவளுக்கு வயது 22, எங்கும் தடங்காமல் போனால் மருத்துவப் படிப்பு முடிய 26. அதன்பின் குறைந்தது மூன்று ஆண்டுகள் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் சம்பளத்தோடு பயிற்சி. அந்தச் சம்பளம் அவளுடைய வாடகைக்கும் சொந்தக் கடனுக்குமே சரியாக இருக்கும். அவள் கையில் முழுச் சம்பளம் வருவதற்குள் உங்கள் தவணைகளில் ஏழு ஆண்டுகள் ஓடியிருக்கும், உங்கள் கணவர் 62 வயதைத் தொட்டிருப்பார். பேரன்ட் பிளஸ் கடனைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றவும் முடியாது. போதாததற்கு, மகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் அதே ஆண்டில்தான் உங்கள் மகனும் கல்லூரிக்குப் போகிறான்.

உங்கள் அண்ணன் மகன் படித்த காலத்தில் இல்லாத மாற்றம் ஒன்று இப்போது வந்திருக்கிறது. முன்பெல்லாம் மருத்துவ மாணவர்கள் கிராட் பிளஸ் என்ற அரசுக் கடனைப் படிப்பின் முழுச் செலவு அளவுக்கும் வாங்க முடிந்தது. 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை முதல் புதியவர்களுக்கு அந்தக் கடன் இல்லை. மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்பதே அரசுக் கடனின் எல்லை. பல தனியார் மருத்துவக் கல்லூரிகளின் கட்டணம் மட்டுமே அதைத் தாண்டிவிடும் என்பதால், குறைவதைத் தனியார் வங்கியிடமோ பெற்றோரிடமோதான் கேட்க வேண்டியிருக்கும். அன்றைக்கு உங்கள் கையில் பணமும், வீட்டில் கடன் சுமையில்லாத மதிப்பும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். முதல் பட்டத்திலேயே இரண்டையும் கரைத்துவிடாதீர்கள்.

மாநிலப் பல்கலைக்கழகமானால் நான்கு ஆண்டுகளுக்கு 1 லட்சத்து 28 ஆயிரம். 529 கணக்கும் மாதம் 1,200 டாலரும் அதற்குச் சரியாகப் போதும், கடன் வேண்டியதில்லை. மேலும் டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகள் வெளிமாநிலத்தவருக்குப் பத்தில் ஒரு இடத்துக்கு மேல் கொடுப்பதில்லை; உள்மாநிலத்தவரின் கட்டணமோ தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தில் பாதிகூட வராது. உங்கள் மகள் நுழைய வேண்டிய வாசல் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கிழக்குக் கரையில் படித்து வந்தால் அந்த வாசல் கூடுதலாகத் திறந்துவிடாது.

இனிப் பாடம். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வக வகுப்புகளோடு முடித்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கேட்பது. எதில் பட்டம் என்று அவை நிபந்தனை வைப்பதில்லை. மருத்துவக் கல்லூரிக்குத் தயாராவதைச் சொல்லும் ப்ரீ-மெட் என்பது ஒரு பட்டத்தின் பெயரும் அல்ல. அமெரிக்க மருத்துவக் கல்லூரிச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல்களில், கணிதமும் மொழியும் வரலாறும் படித்து விண்ணப்பிப்பவர்கள் இடம் பெறும் விகிதம் உயிரியல் மாணவர்களின் விகிதத்துக்குக் குறைந்ததாக இல்லை. சேர்பவர்களின் சராசரி ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.8-ஐ ஒட்டியும், எம்.கேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் 512-ஐ ஒட்டியும் இருக்கின்றன. பிடித்த பாடத்தில்தான் ஜி.பி.ஏ. நிற்கும். ஆண்டுக்குச் சுமார் 52,000 பேர் விண்ணப்பித்து 23,000 பேர் சேர்கிறார்கள் என்பதால், இடம் கிடைக்காத பாதியில் இருந்தாலும் சம்பளம் தரக்கூடிய பட்டம் அவளிடம் இருக்க வேண்டும். வெறும் உயிரியல் இளநிலைப் பட்டத்தைவிடப் புள்ளியியல் அந்த வகையில் நல்ல காப்பு. அவள் விருப்பப்படியே எடுக்கட்டும். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலை ஏ.பி. தேர்வில் வாங்கிய கிரெடிட்டைக் காட்டி அறிவியல் பாடங்களைத் தவிர்க்க மட்டும் வேண்டாம். சில மருத்துவக் கல்லூரிகள் அதை ஏற்பதில்லை.

ஐ.யு.எல். இப்போது நம்மவர் வீட்டு விருந்துகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் சாம்பாருக்கு அடுத்தபடியாகப் பரிமாறப்படுகிறது. சந்தை ஏறினால் பங்கு உண்டு, இறங்கினால் நட்டமில்லை என்று சொல்பவர்கள், ஏற்றத்துக்கு உச்சவரம்பு இருப்பதையும், மாதாமாதம் கழியும் காப்பீட்டுச் செலவையும், முதல் பத்து ஆண்டுகளுக்குள் வெளியேறினால் பிடிக்கப்படும் சரண்டர் கட்டணத்தையும் மெல்லிய குரலில்தான் சொல்கிறார்கள். காது குத்தும்போது மடியில் உட்காரவைத்த தாய்மாமன் மீது உங்கள் பிள்ளைகளுக்கு அன்பு இருப்பது நியாயம்தான். ஆனால் பாலிசியும் அவர் சொன்னது, பல்கலைக்கழகமும் அவர் சொன்னது. தவணை இரண்டும் உங்களுடையது. இன்றைய சரண்டர் மதிப்பு எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு கழிகிறது என்று காப்பீட்டு நிறுவனத்திடமே நேரடியாக எழுத்தில் கேளுங்கள். இருவர் பெயரிலும் சாதாரண டெர்ம் காப்பீடு (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமான, சேமிப்பில்லாத ஆயுள் காப்பீடு) உறுதியான பிறகே பழையதை நிறுத்துங்கள். அந்த 900 டாலர் நான்கு ஆண்டுகளில் 43,200 டாலராகச் சேரும். வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தால், விண்ணப்பக் கட்டணங்களும் நேர்காணல் பயணங்களும் போக, மருத்துவக் கல்லூரியின் முதல் ஆண்டுக்குக் கணிசமாக உதவும்.

இடத்தை உறுதிசெய்ய வழக்கமான கடைசி நாளான மே 1-க்குள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணத்தைக் கட்டிவிடுங்கள். அண்ணனுக்குச் செய்தியை அதற்குப் பிறகு சொல்லலாம்.