ஷியர் வாலும் நிலநடுக்கமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஷியர் வால் இருந்தால் நிலநடுக்கத்துக்குப் பயப்பட வேண்டாம் என்கிறார்களே, சரியா?

பதில்: ஷியர் வால் என்பது நிலநடுக்கத்தின் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்குவதற்காகக் கம்பி கட்டி எழுப்பும் கான்கிரீட் சுவர். அது இருந்தால் மட்டும் போதாது. சிலி நாட்டில் 1985 நிலநடுக்கத்தைச் சுவர்க் கட்டிடங்கள் நன்றாகவே தாங்கின. அந்த நம்பிக்கையில், சுவர் முனைகளில் நெருக்கமாக ரிங் (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) போடுவதை அங்கே பிறகு வந்த விதிகள் கட்டாயமாக்கவில்லை. அப்புறம் கட்டிடங்கள் உயர்ந்தன, சுவர்களோ 15-20 செ.மீ. அளவுக்கு மெலிந்தன. 2010இல் 8.8 அளவில் நிலம் குலுங்கியபோது, பல இடங்களில் கீழ்த்தளச் சுவரின் முனைக் கான்கிரீட் நொறுங்கியது. உள்ளே இருந்த நெடுக்குக் கம்பிகள் வளைந்து பிதுங்கின. கான்செப்சியோன் நகரில் 15 மாடிக் குடியிருப்பு ஒன்று அப்படியே சாய்ந்து விழுந்தது.

கட்டிடம் இருபுறமும் ஆடும்போது சுவரின் அடிமுனைகள்தான் மாறிமாறி நசுங்கி இழுபடுகின்றன. அங்கே ரிங் நெருக்கமாக இருந்தால் உள் கான்கிரீட் உதிராது, கம்பியும் பிதுங்காது. ரிங்கின் கொக்கி 135 டிகிரி உள்நோக்கி மடங்க வேண்டும். 90 டிகிரியில் விட்டால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் கொக்கி விரிந்துவிடும். கான்கிரீட் ஊற்றும் முன் இதை நேரில் பார்த்துவிடுங்கள். ஊற்றிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

கேள்வி: சந்தேகத்துக்கு நெடுக்குக் கம்பியைக் கூட்டிப் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. வளைவைத் தாங்கும் பலம் மட்டும் கூடினால், சுவர் வளைந்துகொடுக்கும் முன்பே ஷியரில், அதாவது பக்கவாட்டு வெட்டுவிசையில், சாய்வாகப் பிளக்கும். அந்த முறிவு திடீரென வரும். நமக்கு வேண்டியது, அடிப்பகுதியில் கம்பி மெதுவாக நீண்டு ஆற்றலை வாங்கிக்கொள்ளும் சுவர். அதற்காகக் கம்பியை மிகவும் குறைப்பதும் தவறு. 2011இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், பல விரிசல்களாகப் பரவ வேண்டிய நீட்சி ஒரே விரிசலில் குவிந்து, கம்பியே அறுந்த சுவர்கள் இருந்தன.

கேள்வி: சுவர்கள் எல்லாமே லிஃப்டைச் சுற்றி ஒரு மூலையில் இருக்கின்றன. பரவாயில்லையா?

பதில்: கட்டிடம் முறுக்கிக்கொள்ளும், எதிர் மூலைத் தூண்கள்தான் அதிகம் அலைக்கழியும். எதிர்ப்பக்கத்திலும் சுவர் வேண்டும். இதை வரைபட நிலையிலேயே கேளுங்கள்.

கேள்வி: குடிவந்த பிறகு ஷியர் வாலில் கதவு திறக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், முக்கியமாகக் கீழ்த்தளத்தில். ஏசி குழாய்க்குத் துளை போடுவதானாலும் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டுவிட்டு, முனைக்கம்பிகளைத் தொடாமல் போடுங்கள்.