கதவு எத்தனை நிமிடம் தாங்கும்?

வாசகர் கேள்வி – பதில்: சிறு தொழிலிடங்களின் பாதுகாப்பு

கேள்வி: எங்களுடையது நான்கு பேர் வேலை செய்யும் சிறிய அச்சகம். சென்ற மாதம் ஓர் இரவில் பின்கதவை உடைத்து உள்ளே புகுந்து, இரண்டு மடிக்கணினிகளையும் கல்லாவில் இருந்த பணத்தையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். கதவு கனமானது, பூட்டும் விலை உயர்ந்தது. பூட்டுக்கு இன்றுவரை ஒரு கீறல்கூட இல்லை. எட்டு கேமராக்களைப் பொருத்தும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பூட்டுக்குக் கீறல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் பெயர்ந்தது கதவின் நிலையாகத்தான் இருக்கும். பூட்டின் நாக்கு போய் அமரும் உலோகத் தகட்டைச் சற்றுக் குனிந்து பாருங்கள். பெரும்பாலான கதவுகளில் அது இரண்டே ஸ்க்ரூக்களில் நிற்கும். அவற்றின் நீளம் 20 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அதிசயம். எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும், பூட்டுக்கு நேராக நான்கு உதை விழுந்தால் நிலைக்கட்டை நார்நாராகப் பிளந்து தகடு கையோடு வந்துவிடும். நீளமான எஃகுத் தகடு ஒன்றை வாங்கி, 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூக்கள் நிலைக்கட்டையைக் கடந்து சுவருக்குள்ளேயே இறங்கும்படி தச்சரைக் கொண்டு பொருத்துங்கள். கீல்களுக்கும் அவ்வாறே செய்யவேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதானால், கீலின் ஊசி வெளியில் இருக்கும், அதைத் தட்டி எடுத்துவிடலாம் என்பதையும் கவனியுங்கள். கீல் பக்கத்து விளிம்பில் ஒரு எஃகு முளையை வைத்து, கதவு மூடும்போது அது நிலையில் உள்ள துளைக்குள் போய் உட்காரும்படி செய்துவிட்டால், ஊசி போனாலும் கதவு அசையாது. இவை அனைத்தும் ஒரு பகல் வேலைதான். எட்டு கேமராக்களுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிதான் ஆகும்.

ஷட்டர் போட்ட முன்வாசலிலும் இதே பிழையைக் காணலாம். நான் பார்வையிடச் சென்ற ஒரு கிடங்கில், அறுக்கவே முடியாத கெட்டி எஃகில் செய்த பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது தொங்கிய கொண்டியின் நான்கு ஸ்க்ரூ தலைகளோ வெளியே பளபளவென்று தெரிந்தன. ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், பூட்டைத் தொடவே வேண்டாம். மடித்தால் ஸ்க்ரூக்களை மறைத்துவிடும் கொண்டியும், வளையம் வெளியே துருத்தாத பூட்டும் அங்கே தேவைப்பட்டன. ஷட்டரை நடுவில் மட்டும் பூட்டுவதும் போதாது. ஓரங்கள் இரண்டிலும் பூட்டு இல்லையென்றால், கடப்பாரையோ கார் ஜாக்கியோ கொண்டு ஒரு மூலையை நெம்பி, ஆள் நுழையும் அளவுக்குத் தூக்கிவிட முடியும்.

திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது. 1851-இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியின்போது, அதுவரை பல பத்தாண்டுகளாக யாராலும் திறக்க முடியாமல் சவாலாக வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டை ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர் திறந்து காட்டினார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் சுமார் 51 மணி நேரம் பிடித்தது. பூட்டை நாம் வாங்குவது அந்த நேரத்துக்காகத்தான். எனவே நீங்கள் கணக்கிட வேண்டியவை இரண்டு: கதவு எத்தனை நிமிடம் தாங்கும், செய்தி தெரிந்து ஒருவர் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகும்? முதல் எண் இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்கும்வரை, நடுவில் எதை வாங்கிப் பொருத்தினாலும் பயன் குறைவுதான்.

அலாரம் விஷயத்தில் பலர் தவறுவதும் இங்கேதான். கதவு திறந்தால் ஒலிக்கும் காந்த சென்சாரை மட்டும் வைத்தால், கதவு முழுதாக உடைந்த பிறகே அலாரம் அடிக்கும். கதவு போராடிச் சம்பாதித்த நிமிடங்கள் அனைத்தும் வீண். முதல் உதையிலேயே உணரும் அதிர்வு சென்சாரைக் கதவிலோ நிலையிலோ பொருத்தினால் அந்த நிமிடங்கள் உங்கள் பக்கம் சேரும். உள்ளே மடிக்கணினிகளை ஒரு தனி அறையில் வைத்துப் பூட்டுவதும், பணப்பெட்டகத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குவதும் இன்னும் சில நிமிடங்களைத் தரும். போல்ட் போடாத சிறிய பெட்டகத்தை இருவர் சேர்ந்து தூக்கிச் சென்று வேறிடத்தில் நிதானமாக உடைப்பார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை திருடியவருக்கு உங்கள் இடத்தின் அமைப்பு தெரியும். போன மடிக்கணினிகளுக்குப் பதிலாகப் புதியவை வரும் என்பதும் தெரியும். நிலையைச் சரிசெய்த பிறகே அவற்றை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் விற்பனையகத்தில் நான்கு கேமராக்கள் உள்ளன. பொருள் குறைந்ததைக் கணக்கெடுப்பில் கண்டுபிடித்துப் பதிவைப் போட்டுப் பார்த்தால், அந்த நாளின் பதிவே இல்லை; இருக்கும் நாட்களிலும் வருபவர்களின் உச்சந்தலைதான் தெரிகிறது. கேமரா தரமற்றதா?

பதில்: கேமராவைக் குறை சொல்ல முடியாது. ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாது பதிந்தால் நாளொன்றுக்கு 21.6 ஜி.பி. இடம் எடுக்கும், நான்கும் சேர்ந்தால் ஏறத்தாழ 86 ஜி.பி. ஆகவே 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் 12 நாட்களுக்குள் நிறைந்து, பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். மாதம் ஒருமுறை கணக்கெடுக்கும் நீங்கள் அதற்குமேல் 10 நாட்களாவது தாங்கும் டிஸ்க்கைப் போட வேண்டும். அல்லது அசைவு இருக்கும்போது மட்டும் பதியும்படி அமைக்க வேண்டும்.

உச்சந்தலை தெரிவதற்குக் காரணம் உயரம். கூரையோரத்தில் வைத்த கேமரா என்ன நடந்தது என்பதைக் காட்டும், யார் என்பதைக் காட்டாது. நான்கில் ஒன்றையாவது இறக்கி, வெளியேறும் வாசலை நோக்கி முக உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். வாசலுக்குப் பின்னாலிருந்து வெயில் அடித்தால் முகம் கரிய நிழலாகிவிடும். அங்கே எதிர்வெளிச்சத்தைச் சமாளிக்கும் வகைக் கேமராவே உதவும். இரவில் அகச்சிவப்பு விளக்குக்கு முன்னால் ஒரேயொரு சிலந்தி வலை இருந்தாலும் படம் முழுவதும் வெண்புகையாகத் தெரியும் என்பதால், ஒட்டடைக்கோலும் உங்கள் பாதுகாப்புக் கருவிகளில் ஒன்றுதான். பதிவுப்பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் பூட்டிய அறையில் வையுங்கள். அதனுடன் வந்த கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லையென்றால் இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டுகள் வேலை செய்தவர் நல்ல முறையில் விலகினார், சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி பூட்டை மாற்றுவது அவரைச் சந்தேகிப்பது போலாகாதா?

பதில்: ஒருவருக்காக மட்டும் மாற்றினால் அப்படித்தான் ஆகும். சாவி வைத்திருந்த எவர் விலகினாலும், அவர் உங்கள் உடன்பிறந்தவராகவே இருந்தாலும், மாற்றுவது என்று விதி வைத்துவிட்டால் அதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. திருப்பித் தந்த சாவிக்குப் பிரதி எடுக்கப்பட்டதா என்று அந்தச் சாவியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதுவும் அவருக்குத் தெரியாமல் வேறொருவர் எடுத்ததாகவும் இருக்கலாம். பிற்காலத்தில் எது காணாமல் போனாலும் பழைய ஊழியர்மேல் பேச்சு எழாமல் இருப்பது அவருக்கும் நல்லதுதானே.

முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை, சாவி நுழையும் உருளைப் பகுதியான சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். மாற்றும்போது, அது கைப்பிடித் தகட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்காத அளவில் வாங்குங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரை இடுக்கியால் பிடித்து ஒடித்துவிடுவார்கள். சாவிகளுக்கு எண் போட்டு, எந்த எண் யாரிடம் என்று ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். சாவி வளையத்தில் எண் மட்டும் இருக்கட்டும், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அலாரத்துக்கு அனைவருக்கும் ஒரே குறியீடு என்பதும் கூடாது. ஆளுக்கொன்று கொடுத்தால்தான் ஒருவர் விலகும்போது அவருடையதை மட்டும் நீக்க முடியும்.

கேள்வி: போலிக் கேமரா வைத்தால் பயன் உண்டா?

பதில்: மிகக் குறைவு. அது போலி என்பது ஒரு வாரத்தில் ஊழியர்கள் அனைவருக்கும் தெரிந்துவிடும். உண்மையாக ஏதேனும் நடக்கும் நாளில் கையில் எதுவும் இருக்காது. அதைவிட, இரவில் கல்லாவைக் காலிசெய்து, இழுப்பறையைக் கண்ணாடி வழியே தெரியும்படி திறந்தே வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இரவுப் பணியில் இருவர் இருக்கிறார்கள். அவர்களின் பாதுகாப்புக்காகப் பின்வாசலில் உள்ளிருந்து சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை மேற்பார்வையாளரிடம் கொடுக்கிறோம். சரிதானே?

பதில்: சரியில்லை, இன்றிரவே நிறுத்துங்கள். தீப்பிடித்தால் புகை நிரம்பிய இருளில் மேற்பார்வையாளரையும் சாவியையும் தேட யாருக்கும் நேரம் இருக்காது. வெளியே பிடியே இல்லாமல், உள்ளே மட்டும் குறுக்குத் தண்டு உள்ள அவசரக் கதவுகள் கிடைக்கின்றன. தண்டை அழுத்தினால் சாவியின்றித் திறக்கும், வெளியிலிருந்து நெம்புவதும் எளிதல்ல. தேவையில்லாமல் திறக்கிறார்கள் என்ற கவலை இருந்தால், திறந்தவுடன் ஒலிக்கும் சிறிய அலாரத்தை அதில் பொருத்துங்கள். வேறு வாசலில் மின்பூட்டு இருக்குமானால், மின்சாரம் போனால் அது உள்ளிருந்து திறக்குமா, இறுகிவிடுமா என்பதைப் பொருத்தியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு மாலையில் மெயின் ஸ்விட்சை நீங்களே அணைத்துவிட்டு, உள்ளே நின்று திறந்து பாருங்கள்.