மனைவிக்கு 28 வாரத்தில் 6 கிலோதான் கூடியிருக்கிறது. குழந்தை எடை குறைவாகப் பிறக்குமா?

நீங்கள் தந்த விவரம்: உயரம் 152 செ.மீ., 10வது வாரத்தில் 44 கிலோ, இப்போது 50. "வயிறே தெரியலையே" என்று உங்கள் அம்மா சொல்கிறார். நான் பாலக்கோடு பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் செவ்வாய்க்கிழமையானால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த 44, 50 இரண்டும் ஒரே மெஷினில் பார்த்ததா? முள் வைத்த பழைய மெஷின் யாரும் ஏறாதபோதே அரைக் கிலோ காட்டும். திருகைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் ஆளை ஏற்றினால் அந்த அரைக் கிலோவும் அட்டையில் ஏறிவிடும். தரை சமமாக இல்லையென்றால் வேறு எண். முன்பு தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருந்தபோது மார்கழியில் எல்லோரும் ஸ்வெட்டரோடுதான் ஏறுவார்கள். குளிரில் கழற்றச் சொல்ல எனக்கே மனசு வராது. காலையில் களி சாப்பிட்டு வந்தவர், வெறும் வயிற்றோடு வந்தவர் கதை தனி. ஒன்றரைக் கிலோ இப்படியே போய்விடும். நீங்கள் பயப்படுவதும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான்.

ஆரம்ப எடை தெரிந்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பென்னாகரம் பக்கமிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களில் சிலர் ஐந்தாம் மாதம்தான் முதல்முறை வருவார்கள். அவர்களுக்கு எவ்வளவு கூடியது என்று எதை வைத்துச் சொல்வது?

உங்கள் மனைவியின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், சுமார் 19. அமெரிக்க இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009இல் வகுத்த கணக்கில், இந்த உடல்வாகுக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ. முதல் மூன்று மாதத்தில் அரை முதல் 2 கிலோ, அப்புறம் வாரம் 0.35 முதல் 0.5 கிலோ. 28வது வாரத்துக்கு 6 கிலோ கீழ்வரம்பை ஒட்டி இருக்கிறது, அவ்வளவுதான். அதே உயரத்தில் 68 கிலோவோடு ஆரம்பித்தவருக்கு இதே 6 கிலோ தாராளம். நம் உடல்வாகுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்ற வாதம் உண்டு. இருந்தாலும் மொத்தத்தைவிட வாராவாரம் ஏறும் வேகத்தைப் பார்ப்பது சரி.

2017இல் 13 லட்சம் கர்ப்பங்களை அலசிய ஆய்வில், குறைவாகக் கூடியவர்களுக்குச் சிறிய குழந்தையும் குறைப்பிரசவமும், அதிகமாகக் கூடியவர்களுக்குப் பெரிய குழந்தையும் சிசேரியனும் கூடுதலாக இருந்தன. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 34 வாரத்தில் பிரசவித்தவருக்கு எடை கூட ஆறு வாரம் குறைவாகத்தான் கிடைத்தது. மொத்தக் கிலோ குறைந்ததால் முன்கூட்டியே பிறந்தது என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். கூடிய எடையில் குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்தே இருக்கிறது. பெரிய குழந்தை என்றால் தாயின் எடை அதனாலேயே கொஞ்சம் கூடத்தானே செய்யும்.

"நிறையத் தின்றால் பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும்" என்று வீட்டில் யாராவது தட்டைக் குறைத்தால் மட்டும் தயவுசெய்து சண்டை போடுங்கள். முட்டை, பருப்பு, கீரை, கேழ்வரகு குறையக் கூடாது.

ஒரே வாரத்தில் 2 கிலோ ஏறி, முகம் கை வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது சத்து ஏறியது இல்லை. அன்றைக்கே பி.பி. பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு, அடுத்த செவ்வாய் அதே மெஷினில், செருப்பில்லாமல் எடை பாருங்கள். கருப்பையின் உயரத்தையும் ரத்த அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு எடை ஏறவே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி வளர்ச்சி ஸ்கேன் கேளுங்கள்.