கறித்தூள் போட்ட கோழிச் சலாது யாருடையது? அது ஏன் தண்ணி விடுகிறது?

ஆசையோடு செய்து கொண்டுபோய்க் கொடுத்திருப்பீர்கள், ஒருவர் "இது வெள்ளைக்காரன்ட சாப்பாடெல்லோ" என்றிருப்பார். மேலே இருக்கிற உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்கு அப்படித்தான் பட்டது. பிழையாக விளங்கியிருந்தால் மன்னியுங்கள், எனக்கு நடந்தது அது.

முதலில் தண்ணி. அவித்த கோழியைச் சூட்டோடு கலந்தால் மயோனைஸ் பிரிந்துவிடும். நன்றாக ஆறவிட்டு, துணியால் ஒற்றி, கையால் பிய்த்துப் போடுங்கள். வெள்ளரிக்காய் உப்புப் பட்டதும் நீர் விடும். முதலே உப்புப் பிரட்டிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். கறித்தூளைப் பச்சையாகத் தூவவே கூடாது. கொஞ்ச எண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, நெருப்பைக் குறைத்து, தூளைப் போட்டு வாசம் எழும்பும்வரை கிண்டி, ஆறவிட்டுச் சேருங்கள். கொழும்பு வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மேசையில் வைக்க வேண்டாம்.

இனி யாருடையது என்பது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கந்தோரில் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரும் நாள். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே அம்மாவின் கோழிச் சலாதைக் கொண்டுபோனேன். மேலதிகாரி ஒருவர் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இது கோரனேஷன் சிக்கன்தானே, யூடியூப் பார்த்துச் செய்தனீங்களோ" என்றார். எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து அம்மாவின் கொப்பியை எடுத்தேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, மறைக்க மாட்டேன். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விருந்துக்கு லண்டனில் சமையற் பள்ளி நடத்திய ரோஸ்மேரி ஹியூமும் கொன்ஸ்டன்ஸ் ஸ்பிரையும் தயாரித்த சாப்பாடு அது. குளிர்ந்த கோழி. கறித்தூளும் வெங்காயமும் தக்காளி விழுதும் சிவப்பு வைனும் வற்றவைத்து, அப்ரிகொட் பழக்கூழ், மயோனைஸ், அடித்த கிறீம் சேர்த்த சோஸ். அடுத்த வருடம் ஏப்ரலில் எலிசபெத் கொழும்புக்கும் வந்தார். 1972இல் இலங்கை குடியரசு ஆகும்வரை அவர் எங்களுக்கும் இராணிதான்.

அம்மா இதை அறுபதுகளில் பள்ளிக்கூட மனையியல் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறா. தலைப்பு 'கொறனேசன் கோழி', நீல மை. ஆனால் அந்தப் பக்கத்தில் பென்சிலால் வேறு வேலையும் நடந்திருக்கிறது. 'கிறீம்' வெட்டப்பட்டு மேலே 'தயிர், துணியில் கட்டித் தூக்கி ஒரு இரவு'. 'அப்ரிகொட்' வெட்டப்பட்டு 'மாங்காய்ச் சட்னி'. வைனுக்குப் பதில் 'தேசிக்காய்ப் புளி'. ஓரத்தில் 1974.

அந்த வருடங்களை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இறக்குமதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு, பாணுக்கும் வரிசை. அப்ரிகொட்டுக்கு எங்கே போவது? அம்மா அதற்காகச் சலாதைக் கைவிடவில்லை. சட்டித் தயிரைத் துணியில் கட்டித் தூக்கினால் நீர் முழுக்க வடிந்து வெண்ணெய் மாதிரி இறுகிவிடும். அவவின் சலாது தண்ணி விடாததற்கும் அதுதான் காரணம், நீங்களும் செய்து பாருங்கள். ஒரு கோழி நெஞ்சுக்கு அந்தத் தயிர் நாலு மேசைக்கரண்டி, மயோனைஸ் இரண்டு, எங்கள் வறுத்த தூள் அரைத் தேக்கரண்டி காணும். சந்தைத் தூள் என்றால் ஒன்று போடலாம், எங்கள் தூளில் மிளகாய் கூட.

இந்த அளவுகள் நான் நிறுத்துப் பார்த்து எழுதியவை. கொப்பியில் 'கணக்காய்', 'ஒரு பிடி' என்றுதான் இருக்கிறது. அளவில்லாததெல்லாம் ஒரு சமையற் குறிப்பா என்று யாராவது கீழே கேட்பீர்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிற, சமையற் குறிப்பு எழுதிய பாபிலோனியக் களிமண் பலகைகள் கிட்டத்தட்ட 3,700 வருடப் பழசு. அவற்றிலும் இன்ன இறைச்சி, இன்ன பூண்டு என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது, அளவு அபூர்வம். கரண்டியை மட்டமாகத் தட்டி அளக்கிற பழக்கத்தைப் பரப்பியவர் பொஸ்டனில் 1896இல் சமையற் புத்தகம் போட்ட ஃபானி ஃபார்மர். அதற்கு முந்தியவர்கள் எல்லாரும் சமைக்கத் தெரியாதவர்களா?

நான் வரலாறு படித்தவள் இல்லை. லண்டன்காரரிடமிருந்து பறிக்கவும் வரவில்லை. ஆனால் அவர்களுடைய கறித்தூள் எந்தப் பக்கத்திலிருந்து போனது என்பதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

எழுத வந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே கடையில் வாங்குகிற போத்தல்களைத் திருப்பித் தமிழை வாசித்துப் பாருங்கள். போன கிழமை வாங்கிய மயோனைஸ் போத்தலில் 'முட்டை' என்பதற்கு 'மூட்டை' என்று அடித்திருந்தார்கள். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஒருவர் சரிபார்க்கிறார், எங்கள் மொழியைப் பார்க்க மட்டும் ஆளில்லை. முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த ஒரு எழுத்து எவ்வளவு பெரிய விடயம் தெரியுமா?

வருகிற டிசம்பரில் கந்தோரில் மறுபடி அந்த நாள் வருகிறது. அதே சலாதுதான் கொண்டுபோகிறேன். பாத்திரத்தின் முன்னால் வைக்கிற சிட்டையில் அம்மாவின் பெயரை எழுதி, பக்கத்தில் 1974 என்று போடுவேன்.